பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஒரு ஸ்பிரிங்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயியின் துப்பாக்கியைப் பற்றிய பதிவு இது. 2021-ல் தொடங்கி 2024 வரை நீண்டது. தொடங்கியபோது அவருக்கு வயது அறுபத்தாறு. எனக்குத் தூரத்து உறவு, மாமா முறை. நான் கோவையில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் (கருவிகள் செய்யும் பிரிவு) முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாது, இரும்பு பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் முதல் சில வாரம் எங்களைத் தப்பான வழியில் கூட்டிக்கொண்டு போனது.

துப்பாக்கி 12 போர், இரட்டைக் குழல். வால்பாறை எஸ்டேட் ஒன்றிலிருந்து சொந்த ஊர் திரும்பிய ஆங்கிலேய மேலாளர் ஒருவரிடம் மாமாவின் அப்பா 1950-களில் வாங்கியது. அப்பா இறந்த பிறகு முறைப்படி உரிமம் மாமா பெயருக்கு வந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமம். பன்றிகள் இளங்கன்றுகளைத் தோண்டிப் போடும் பருவத்தில் வானத்தைப் பார்த்து ஒன்றிரண்டு வெடி, அவ்வளவுதான் அதன் வேலை. காட்டுப்பன்றி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது, அதனால் சத்தம் போடுவதைத் தாண்டி அவர் போனதில்லை. வருடத்துக்குப் பத்துத் தோட்டா செலவானாலே அதிகம்.

2021 சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு பிப்ரவரி 26-ல் வந்தது. வழக்கம்போல உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். மாமா மார்ச் முதல் வாரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். மே 2-ல் ஓட்டு எண்ணி முடிந்தது, ஆனால் கொரோனா இரண்டாம் அலை, ஊரடங்கு. திரும்ப வாங்கும்போது ஜூலை கடைசி ஆகிவிட்டது. ஏறக்குறைய ஐந்து மாதம் துணி உறைக்குள் ஒரு மூலையில் நின்றிருக்கிறது. அதில் இரண்டு மாதம் தென்மேற்குப் பருவமழை. கொடுக்கும்போது எண்ணெய் போட்டீர்களா என்று பிறகு கேட்டேன். "துடைச்சுக் குடுத்தேன் மாப்ள" என்றார். துடைத்தது வெளிப்பக்கம்.

முதலில் கண்டவை

செப்டம்பரில் ஒரு ராத்திரி வலது குழல் வெடித்தது, இடது வெடிக்கவில்லை. விசையை இழுத்ததும் 'டக்' என்று சத்தம் மட்டும். மாமா அந்த நொடியே துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துப் பார்த்திருக்கிறார். இந்த முழு விவகாரத்திலும் உண்மையிலேயே ஆபத்தான நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன். வெடிக்காத தோட்டா சில சமயம் தாமதித்து வெடிக்கும். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே அரை நிமிடமாவது பொறுத்து, அப்புறம்தான் திறக்க வேண்டும். அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் சொல்லும்போது அதை ஒரு விஷயமாகவே அவர் சொல்லவில்லை, நான் துருவித் துருவிக் கேட்டபோதுதான் வந்தது.

தோட்டாவின் பின்புறம் நடுவில் ஒரு சின்ன கேப் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தும்போதுதான் தீப்பொறி. வெடித்த வலது தோட்டாவின் கேப்பில் குழி ஆழமாக, உருண்டையாக இருந்தது. இடதில் மேலோட்டமாக ஒரு தடம். அதே இடது தோட்டாவை மறுநாள் வலது குழலில் போட்டார், வெடித்தது. ஆக, தோட்டாவில் குறை இல்லை. இன்னும் நான்கு தோட்டாக்களை இடதில் பார்த்தார், இரண்டு வெடித்தன, இரண்டு வெடிக்கவில்லை.

இதோடு இன்னொன்றையும் சொன்னார். அதை நான் காதிலேயே வாங்கவில்லை. "இப்பெல்லாம் தெறக்கறதுக்கு லேசா இருக்கு மாப்ள. எங்கப்பா காலத்துல முட்டி மேல வெச்சு அமுக்கோணும்." வயசான துப்பாக்கி, தேய்ந்து இலகுவாகிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்.

என் கணிப்பு, அது ஏன் தவறு

குழி ஆழமில்லை, அப்படியானால் ஊசி முனை தேய்ந்திருக்கிறது. இதுதான் என் கணக்கு. போனிலேயே சொல்லிவிட்டேன். ஊசிதானே, நல்ல எஃகுக் கம்பியில் லேத்தில் அரை மணி நேர வேலை, எனக்குத் தெரிந்த பட்டறை இருக்கிறது, எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அவரும் கிளம்பத் தயாராக இருந்தார்.

தடுத்தது அவருடைய மகள். அவர் வழக்கறிஞர். 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அடங்கும் என்பதை எடுத்துக் காட்டினார். சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி துப்பாக்கியைத் தயாரிப்பது மட்டுமல்ல, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்குமே தனி உரிமம் வேண்டும். வைத்திருக்கும் உரிமம் மாமாவிடம் இருக்கிறது, செய்யும் உரிமம் என்னிடமும் இல்லை, அந்தப் பட்டறைக்காரரிடமும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பிரிவை மீறினால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம். ஒரு அரை மணி நேர லேத் வேலைக்கு மூன்று பேர் மாட்டியிருப்போம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், கொங்குப் பக்கம் எந்தப் பாகம் உடைந்தாலும் 'பட்டறையில கொடுத்துச் செஞ்சுக்கலாம்' என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பம்பு, தறி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் சரி. இதற்குச் சரிப்படாது.

உரிமம் உள்ளவரைத் தேடியது

துப்பாக்கிக் கடைகள் சில இருக்கின்றன. பெரும்பாலும் விற்பனை, பாதுகாப்பில் வைத்தல், தோட்டா, இவ்வளவுதான். பழுது பார்க்கும் உரிமமும் வைத்துக்கொண்டு, உண்மையிலேயே கையில் வேலையும் வைத்திருப்பவர் கிடைப்பது கஷ்டம். மூன்று இடங்களில் விசாரித்து, நாலாவதாக வேறு மாவட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தோம். எழுபது தாண்டியவர், தகப்பனாரிடம் தொழில் கற்றவர். இங்கே அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

இதற்கிடையில் நான் வேறொரு வீண் வேலையும் பார்த்தேன். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் கல்கத்தாக் கடை ஒன்றின் பெயர் பொறித்திருந்தது. அதுதான் தயாரித்த கம்பெனி என்று நம்பி, அந்தப் பெயரில் பழைய உதிரிபாகம் எங்கேனும் கிடைக்குமா என்று வாரக்கணக்கில் தேடினேன். பெரியவர் பார்த்ததும் சிரித்தார். அந்தக் காலத்தில் கல்கத்தாவின் மாண்டன், ரோடா, சென்னையில் பி.ஆர் அண்ட் சன்ஸ் மாதிரிக் கடைகள் இங்கிலாந்திலிருந்து துப்பாக்கிகளைத் தருவித்துத் தங்கள் பெயரில் விற்றார்கள். மேலே இருப்பது விற்றவர் பெயர். செய்தவர் பெரும்பாலும் பர்மிங்காமில் பெயர் தெரியாத ஒரு பட்டறை. அங்கும் ஒருவரே முழுத் துப்பாக்கியையும் செய்வதில்லை. குழல் ஒருவர், பூட்டு ஒருவர், கட்டை ஒருவர் என்று தெருத்தெருவாகப் பிரிந்து நடந்த தொழில் அது.

வெளியே பார்த்தது

பெரியவர் திருப்புளியைத் தொடவே இல்லை. முதலில் குழலைக் கழற்றி, அடிப்பக்கம் இருந்த சின்னச் சின்ன முத்திரைகளை உருப்பெருக்கியில் படித்தார். பர்மிங்காமில் 1813 முதல் ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. ஒவ்வொரு குழலையும் கூடுதல் வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார்கள். எங்கள் குழலில் 'நைட்ரோ ப்ரூஃப்' என்ற சொல், 1⅛ அவுன்ஸ், ஒரு வைரக் கட்டத்துக்குள் 12 என்ற எண், தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம் என்று இருந்தன. அறை நீளத்தைக் குத்தும் வழக்கம் 1925-க்குப் பிந்தியது. 1954-க்குப் பிறகு அழுத்தத்தை டன் கணக்கில் குத்த ஆரம்பித்தார்கள், அது இதில் இல்லை. ஆக, துப்பாக்கி இந்த இரண்டு வருடங்களுக்கும் இடையில் பிறந்தது. புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதும் உறுதியானது. இது முக்கியம். குழலே லாயக்கில்லை என்றால் பாகம் தேடுவதில் அர்த்தமில்லை.

குழலையும் அது பொருந்தும் இரும்புப் பெட்டியையும் பூட்டி, முன்கட்டையை மட்டும் எடுத்துவிட்டு, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். லேசான புள்ளித் துரு மட்டும்.

அப்புறம் மாமா கொண்டுவந்திருந்த தோட்டாப் பெட்டியை வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அவை 70 மி.மீ. தோட்டாக்கள். இந்தத் துப்பாக்கியின் இரண்டரை அங்குல அறைக்கு இன்றைய கணக்கில் 65 மி.மீ. தோட்டாதான். நீளமான தோட்டா உள்ளேயே போகாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். போகும். நுனி மடிக்கப்பட்டிருப்பதால் வெடிக்கும் முன் அது குட்டையாகவே இருக்கும், அறையில் அழகாக உட்காரும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் வேண்டும். இடமில்லாமல் குழலின் குறுகும் பகுதிக்குள் விரிந்து அடைக்கும், அழுத்தம் ஏறும். ஐந்தாறு வருடமாக மாமா இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கடையில் கேட்டது '12 போர் தோட்டா'. கொடுத்ததும் அதுவே. நீளத்தை இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கிர்க்கி தொழிற்சாலைத் தோட்டாக்களில் இரண்டு நீளமும் உண்டு, பெட்டியில் அச்சிட்டும் இருக்கிறது.

நாங்கள் போனது ஒரு ஊசிக்காக. அன்று கிடைத்த பெரிய லாபம் இந்தத் தகவல்தான்.

பிரித்தபோது கண்டது

இது பாக்ஸ்லாக் வகைத் துப்பாக்கி. 1875-ல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை பெற்ற அமைப்பு. வெளியே குதிரை, அதாவது ஊசியைச் செலுத்தும் சுத்தி, தெரியாது, இரண்டு குதிரைகளும் இரும்புப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். குழலை மடக்கித் திறக்கும்போது அதன் எடையே நெம்புகோலாக வேலை செய்து இரண்டு குதிரைகளையும் பின்னுக்குத் தள்ளி ஏற்றிவிடும். குதிரைகளை முன்னே அடிக்க வைப்பது ஆளுக்கொரு மெயின் ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங் அல்ல. தட்டையான எஃகை ஹேர்பின் மாதிரி மடித்தது.

திருகுகளைக் கழற்றுவதற்கே ஒரு மணி நேரம். இந்தத் திருகுகளின் காடி மயிரிழை போல மெலிசு. கடையில் வாங்கும் திருப்புளியின் முனை சரிவாக இருக்கும், காடியில் முழுதாக உட்காராமல் வழுக்கி விளிம்பைச் சிதைத்துவிடும். பெரியவர் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு திருப்புளி முனையைத் தேய்த்துப் பொருத்திக்கொண்ட பிறகே திருப்பினார். ஒரு திருகு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. யாரோ எப்போதோ சைக்கிள் கடைத் திருகு ஒன்றை முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள், பாதிப் புரி போய்விட்டது. என் பையில் புரி அளக்கும் சீப்பு இருந்தது, மற்ற அசல் திருகுகளை அளந்து பார்த்தேன். மெட்ரிக்கிலும் சேரவில்லை, பழைய ஆங்கிலேய அளவுகளான விட்வொர்த்திலும் சேரவில்லை, பி.ஏ.விலும் சேரவில்லை. அந்தப் பட்டறைகள் தாங்களே வைத்திருந்த புரித்தட்டில் வெட்டியவை அவை. முப்பது வருட டூல் ரூம் ஆணவம் அங்கே கொஞ்சம் இறங்கியது.

அடித்தட்டைத் திறந்ததும் விஷயம் தெரிந்தது. ஊசி நன்றாகவே இருந்தது. இடது மெயின் ஸ்பிரிங்தான் மடிப்புக்கு மிக அருகில் இரண்டு துண்டாகியிருந்தது. துண்டுகள் குறுகலான காடிக்குள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றதால் கொஞ்சம் விசை மிச்சமிருந்தது, அந்த மிச்சத்தில்தான் சில தோட்டாக்கள் வெடித்திருக்கின்றன. திறக்க லேசாக இருந்ததும் இதனால்தான். இரண்டு ஸ்பிரிங்கை அமுக்க வேண்டிய கை ஒன்றரையை அமுக்கிக்கொண்டிருந்தது. மாமா முதல் நாளே சொன்ன அறிகுறி. நான் குழியின் ஆழத்தையே பார்த்துக்கொண்டு அதை விட்டுவிட்டேன்.

உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் ஓரத்தில் ஒரு கருத்த புள்ளி. துருக்குழி. அங்கிருந்து விரிசல் தொடங்கி, மீதி எஃகு பளிச்சென்று ஒரே நாளில் முறிந்திருக்கிறது. துப்பாக்கியைக் குதிரை ஏறிய நிலையிலேயே மூடி ஒப்படைத்திருக்கிறார்கள், ஸ்பிரிங் ஐந்து மாதமும் முழுசாக அமுங்கியே இருந்திருக்கிறது. ஈரம் ஒருபக்கம், இந்த அமுக்கம் ஒருபக்கம். 70 மி.மீ. தோட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகப் பெரியவர் நினைக்கவில்லை.

இருந்த வழிகள்

நாலு வழிகள் பேசினோம். வெளிநாட்டில் பழைய துப்பாக்கி உதிரிபாகம் விற்பவர்கள் உண்டு. ஆனால் பாகமும் ஆயுதம் என்பதால் அதைத் தருவிக்க இறக்குமதி உரிமம் வேண்டும். ஒரு ஸ்பிரிங்குக்காக ஒரு விவசாயி அந்தப் படியேறுவது நடக்காத காரியம். அப்படி வந்தாலும் அப்படியே பொருந்தாது.

இதை முழுவதுமாக ஓரங்கட்டிவிட்டு அரசுத் தொழிற்சாலையின் புதுத் துப்பாக்கி ஒன்றை வாங்கலாம் என்று மகள் சொன்னார். செலவு கூடுதல், உரிமத்தில் மாற்றம் செய்ய வேண்டும், ஆனால் பாகம் கிடைக்கும். நியாயமான யோசனை. மாமா பதிலே சொல்லாமல் வெளியே போய் பீடி பற்ற வைத்தார். அந்த வழி அதோடு முடிந்தது.

மூன்றாவது, வேறு துப்பாக்கியிலிருந்து எடுப்பது. பெரியவரிடம் கணக்கில் எழுதி வைத்திருந்த செத்த பாக்ஸ்லாக் ஒன்று இருந்தது. அதுவும் பர்மிங்காம். அதன் ஸ்பிரிங்கை எடுத்து எங்களுடையதன் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. காலிப்பரில் பார்த்தால் நீளம் 2 மி.மீ. கூட, குதிரையைக் கவ்வும் கொக்கியின் வளைவும் வேறு. எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை, தேய்த்துக்கொள்ளலாமே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கொக்கியைத் தேய்த்தால் அதன் பலம் போகும், அதைவிட, அந்த ஸ்பிரிங்குக்கும் எண்பது வயது, அது எத்தனை மழையைப் பார்த்தது என்று யாருக்குத் தெரியும் என்றார்.

அந்தக் காலத் துப்பாக்கிகளில் 'இந்த மாடலுக்கு இந்தப் பாகம்' என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு பாகத்தையும் கரிப்புகை பூசி, பொருத்தி, எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே அரத்தால் ஒரு இழு இழுத்து, மறுபடி பொருத்தி என்று அந்த ஒரு துப்பாக்கிக்காகவே உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்து மேசையில் செய்த துப்பாக்கிக்குக்கூட அது சேராது.

மிச்சம் நாலாவது: உரிமம் உள்ள அவரே, அவருடைய பட்டறையிலேயே புதிதாகச் செய்வது. அதைத்தான் முடிவு செய்தோம். இடது ஸ்பிரிங், அந்தச் சைக்கிள் கடைத் திருகுக்குப் பதிலாக ஒரு திருகு. வலது ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். விரிசல் தெரியவில்லை, ஆனால் அதிலும் லேசான துருப்புள்ளி இருந்தது. இதையும் சேர்த்துச் செய்துவிடட்டுமா என்று கேட்டார். வேலை செய்கிற பாகத்தை ஏன் தொடுவது என்று நான்தான் சொன்னேன்.

செய்தது

டூல் ரூம்காரன் என்பதால் இரண்டு யோசனை சொன்னேன். லாரி பட்டை ஸ்பிரிங்குக்குப் போடும் ஈ.என். 45 எஃகு நல்ல துண்டாகக் கிடைக்கும் என்றேன். கோவையில் வெப்பப் பதப்படுத்தும் கூடங்கள் உண்டு, டிகிரி பிசகாமல் செய்து தருவார்கள் என்றேன். இரண்டையும் மறுத்தார். பாகம் உரிமம் பெற்ற இடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது ஒன்று. தன்னிடமிருக்கும் கார்பன் எஃகு சூட்டில் எந்த நிறத்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று நாற்பது வருடமாகத் தெரியும், புது எஃகை இந்த வயதில் பழகிக்கொண்டிருக்க முடியாது என்பது இன்னொன்று. பழகிய எஃகு என்ற வாதத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சரியான வாதம்.

முதல் ஸ்பிரிங் தோற்றது. பார்வைக்கு அழகாக இருந்தது. வைஸில் வைத்து மெதுவாக அமுக்கி விட்டார், மூன்றாவது தடவையில் 'டப்'. உடைந்த துண்டை என்னிடமே கொடுத்து, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மடிப்பின் உட்பக்கம் அரத்தின் ஒரு கீறல் குறுக்கே ஓடியிருந்தது, அதன் வழியாகவே முறிந்திருந்தது. பழைய ஸ்பிரிங்கில் துருக்குழி செய்த வேலையை இதில் ஒரு கீறல் செய்திருக்கிறது. அரம் எப்போதும் நீளவாக்கில் ஓட வேண்டும், மடிப்புக்குள் கையெட்டாத இடத்தில் ஒரே ஒரு முறை குறுக்கே போய்விட்டது என்றார். கண் பார்வை முன்போல இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

இரண்டாவதற்கு உட்பக்கத்தை மடிக்கும் முன்பே நீளவாக்கில் மெருகேற்றிவிட்டார். பதம் ஏற்றியது எண்ணெயை எரிய விட்டு. பார்க்கிறவர்களுக்கு ஏதோ சமையல் போலத் தெரியும். வைஸில் ஐம்பது தடவை அமுக்கினார், நின்றது. பிறகு கரி பூசிப் பொருத்துவதில் முழு ஒரு நாள். அந்த நாளில் எஃகு எடுத்தது ஒரு சிட்டிகைகூட இருக்காது. திருகுக்கு, அசல் திருகு ஒன்றின் புரியைப் பார்த்து ஒரு புரித்தட்டே செய்துகொண்டார்.

சோதனையும் திரும்ப ஒப்படைத்ததும்

முதலில் போலித் தோட்டா வைத்து விசையை இழுத்துப் பார்த்தார். அடுத்து மருந்தும் ரவையும் இல்லாத, கேப் மட்டும் உள்ள வெறும் கூடுகள்: இடதில் பத்து, பத்தும் வெடித்தன. குழியின் ஆழம் வலதுக்குச் சமம். கடைசியாக உண்மையான 65 மி.மீ. தோட்டா. சோதனை செய்யும் அனுமதி அவருடைய உரிமத்திலேயே இருந்தது. துப்பாக்கியைப் பழைய லாரி டயரில் கட்டி, தள்ளி நின்று கயிற்றால் இழுத்தார். தோளில் வைத்துச் சுடலாமே என்று மாமா கேட்டார். "முதல் வெடியை நான் தோள்ல வெச்சதே இல்லைங்க" என்று பதில் வந்தது.

என்ன பழுது, எந்தப் பாகம் செய்தது, துப்பாக்கி எண், உரிம எண் எல்லாம் பதிவேட்டில் ஏறின. உடைந்த பழைய ஸ்பிரிங்கை ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தரவில்லை. உடைந்தாலும் அது பாகம்தான் என்றார். முதல் தடவை போனது நவம்பரில், துப்பாக்கி வீடு திரும்பியது 2022 ஜனவரி கடைசியில்.

பின்னர் நடந்தவை

வந்து ஒரு வாரம்கூட முழுதாக வீட்டில் இல்லை. பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல், மறுபடி ஒப்படைப்பு. இந்த முறை மாமா போலித் தோட்டா வைத்துக் குதிரைகளை இறக்கி, உள்ளும் புறமும் எண்ணெய் தடவிக் கொடுத்தார். மார்ச்சில் வாங்கியபோது துரு இல்லை.

2023 மார்ச்சில் வலது ஸ்பிரிங் உடைந்தது. அதே மடிப்பு, அதே மாதிரிக் கருத்த புள்ளி. 'வேலை செய்கிற பாகத்தை ஏன் தொடுவது' என்ற என் அறிவுரை பதினான்கு மாதம் தாங்கியிருக்கிறது. மாமா இந்தத் தடவை வெடிக்காத தோட்டாவுக்காகக் காத்திருக்கவில்லை. தோப்பில் துப்பாக்கியைத் திறந்தபோதே கை லேசாக இருந்ததாம், அப்போதே மூடி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். பெரியவர் இடது ஸ்பிரிங்கின் அளவுகளை ஒரு அட்டையில் குறித்து வைத்திருந்தார். வலது அதன் கண்ணாடி பிம்பம் மாதிரி என்பதால் இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. பொருத்துவதற்கு அதே ஒரு நாள்.

2024 மக்களவைத் தேர்தலின்போது துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் வைக்காமல், பாதுகாத்து வைக்கும் உரிமமுள்ள கடையில் ரசீது வாங்கிக்கொண்டு வைத்தார். கொஞ்சம் வாடகை. மூன்று மாதத்தில் ஒரு முறை எண்ணெய் போட்டுத் தருகிறார்கள்.

மறுபடி செய்வதானால்

வெளியே தெரியும் முத்திரைகளையும் தோட்டாப் பெட்டியையும் முதல் நாளே பார்த்திருப்போம். உதிரிபாகம் தேட ஆரம்பிக்கும் முன்பே. மேல்பட்டையில் இருக்கும் பெயரை நம்பி ஒரு நாள்கூடச் செலவழித்திருக்க மாட்டேன்.

போனில் நோய் சொல்லியிருக்க மாட்டேன். மாமா அந்தத் துப்பாக்கியை நாற்பது வருடமாகக் கையில் பிடித்தவர், அவர் கைக்குத் தெரிந்தது என் காலிப்பருக்குத் தெரியவில்லை. 'எப்போதிலிருந்து, என்ன மாறியிருக்கிறது' என்று மட்டும் கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பெரியவரிடம் கொடுத்திருந்தால் போதும்.

இரண்டு ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றியிருப்போம். ஒரே எஃகு, ஒரே வயது, ஒரே ஈரம். ஒன்று போனால் மற்றது வரிசையில் நிற்கிறது என்பது டூல் ரூமில் எனக்குப் பழகிய கணக்குதான். ஒரு பேரிங் போனால் ஜோடியாக மாற்றுகிறவன் நான். இங்கே ஏனோ துணிச்சல் வரவில்லை.

துப்பாக்கியில் இன்னும் மாற்றாத அசல் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. மேலே கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாளுக்குக் கீழே, சின்னது. 2023-ல் திறந்தபோதே பெரியவர் அதன் அளவையும் எடுத்து அதே அட்டையின் பின்பக்கம் எழுதிவிட்டார். இப்போதே செய்துவிடுங்கள் என்று இந்தத் தடவை நான் சொன்னேன். அதில் துருவே இல்லை, தேவையில்லை என்றார் அவர். எஃகுத் துண்டு மட்டும் வெட்டி, அட்டையோடு கட்டி வைத்திருக்கிறார்.